உரிந்து வந்த சாட்சி

முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். அதில் ஒரே ஒரு வழக்கில், கட்சிக்காரரை முழுதாகத் தயார் செய்து அனுப்பிவிட்டு, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரின் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை. 1985இல் அந்த மன்றம் தொடங்கிய நாள்முதல் அதுதான் விதி. பணம் கேட்பவரும் கொடுக்க மறுப்பவரும் தாங்களே பேச வேண்டும்; வேடிக்கை பார்க்கவும் யாரும் உள்ளே போக முடியாது. சில நூறு வெள்ளிக்கான சண்டையில் வக்கீல் வந்தால் அந்தச் சில நூறும் வக்கீலுக்கே போய்விடும் என்பதால் வைத்த விதி. அது சரியான விதி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் 2018இல் ஹவ்லாக் ஸ்குவேர் நீதிமன்றக் கட்டடத்தில், மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம், வாதாடிய எந்த வழக்கிலும் இல்லாத தவிப்பைக் கொடுத்தது.

மாதம் ஒரு மாலை குவீன்ஸ்டவுனில் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போவது என் வழக்கம். 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டலையொட்டிப் பெயர் பெற்று, சிங்கப்பூரின் முதல் துணை நகரமாக எழுந்த வட்டாரம் அது. அங்கே வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். அப்படி அங்கே வந்த என் கட்சிக்காரருக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அவருடைய அப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்டு வளர்த்த முனீஸ்வரன் கோயில் இப்போது காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போகிறவர் இவர். வீடு தங்ளின் ஹால்ட்டில். அந்தப் பழைய புளோக்குகளை இடிக்கப் போவதாக 2014இலேயே அறிவிப்பு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். தொழில், தனியார் வாடகை கார் ஓட்டுவது. கார் சொந்தம். பத்தாண்டு முடிந்து, வாகன உரிமைச் சான்றிதழை இன்னும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தார். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. அந்த நாள் வந்ததும் கார் பதிவை இழக்கும். ஆகவே காரின் ஆயுள் எத்தனை நாள் என்று அவருக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் தெரியும். அந்த நாள்களில் பயணிகள் முகம் சுளிக்காமல் ஏற வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

உள்ளே பிளாஸ்டிக்கெல்லாம் வெளுத்திருந்தது. கதவுப் பலகை, கியருக்குச் சுற்றி இருக்கும் சட்டம், டேஷ்போர்டு எல்லாம் சாம்பல் நிறச் சொரசொரப்பு பிளாஸ்டிக். பத்து வருட நகக்கீறல்கள் அதில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அலெக்சாண்டிரா பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில், புதிய கார்களில் வருவது போல் பியானோ கறுப்பில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறோம் என்றார்கள். 680 வெள்ளி. முன்பணம் 180ஐ வங்கி வழியாகக் கட்டினார். வேலை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. செய்தவர் அந்த வொர்க்‌ஷாப்பின் ஆள் இல்லை. ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் புதுக்கோட்டைத் தம்பி. "மீதி ஐந்நூறை அந்தப் பையன் கையிலேயே கொடுத்துடுங்க" என்று முதலாளி சொன்னார். இவரும் ரொக்கமாகக் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை. ஏழு வாரத்தில் பெயின்ட் உரியத் தொடங்கியது.

ஆலோசனை மேசையில் அவர் ஒரு நெகிழிப் பையைப் பிரித்து, கியர் சட்டத்தை எடுத்து வைத்தார். ஓர் ஓரத்தை நகத்தால் நெம்பினார். கறுப்புப் பெயின்ட், சூடு ஆறிய பாலின் ஆடை போல, ஒரே துண்டாக எழுந்து வந்தது. அடியில் பழைய சாம்பல் பிளாஸ்டிக் புதிதாக ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. உரிந்த ஏட்டைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் முதுகில் சொரசொரப்பு முழுதும் அச்சாகப் பதிந்திருந்தது. மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு, அரக்கு முத்திரையைத் திருப்பிப் பார்ப்பது போல. அதன் முக்கியத்துவம் அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பெயின்ட் ஏன் உரிந்தது என்று தெரிந்துகொள்ள அலெக்சாண்டிரா வில்லேஜில் நாற்பது வருடமாக ஸ்ப்ரே அடிக்கும் ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். பெயின்டைப் பார்க்காமல் அவர் முதலில் கியர் சட்டத்தைக் கவிழ்த்தார். பின்புறம், இரண்டு கூர்க்குறிகளுக்கு நடுவே 'பிபி' என்ற எழுத்துகள். எந்தப் பிளாஸ்டிக் என்பதை உற்பத்தியாளர்கள் இப்படிப் பொறிப்பது ஐஎஸ்ஓ 11469 என்ற தரநிலைப்படி. 'பிபி' என்றால் பாலிபுரொப்பிலீன். எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் நிற்காமல் ஓடுவது போல, அதன்மேல் சாதாரணப் பெயின்ட் ஒட்டாது. ஒட்டவைக்கத் தனி அடிப்பூச்சு ஒன்று முதலில் வேண்டும். அதற்கும் முன்னால் சொரசொரப்பை 240ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கித் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அடிப்பூச்சுக்குப் பின் பள்ளம் நிரப்பும் பிரைமர் அடித்து, மறுபடி 800ஆம் நம்பர் ஈரத்தாளில் தேய்க்க வேண்டும். அப்புறம் கறுப்பு, அதன்மேல் கிளியர் கோட், அது காய்ந்ததும் 2000ஆம் நம்பர் தாள், கடைசியில் மெருகு. மூன்று நாள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற காரியமே இல்லை. பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பெயின்ட் அடிக்கிறது கடைசி வேலை. திருப்பிப் பார்க்கிறதுதான் முதல் வேலை."

பிளாஸ்டிக்கில் அந்தச் சொரசொரப்பு ஏன் இருக்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். அது அச்சிலேயே வெட்டி வைப்பது. வார்ப்பில் விழும் குழிவையும் கோட்டையும் மறைக்கும், சிறு கீறலைக் காட்டிக்கொடுக்காது, எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சத்தைச் சிதறடிக்கும். இந்த வொர்க்‌ஷாப் டேஷ்போர்டின் மேல்பரப்பையும் பளபளப்பாக்கியிருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஜூரோங்கை நோக்கிப் போனால் மேற்கு வெயில் அந்தக் கறுப்பில் விழுந்து முன்கண்ணாடிக்கே திரும்பும். முன்னால் போகும் மோட்டார்சைக்கிள் சில நொடிகள் கண்ணுக்கே தெரிவதில்லை என்றார் என் கட்சிக்காரர். கறுப்புத் துணி ஒன்றை விரித்து ஓட்டிக்கொண்டிருந்தார். வழக்கில் இதற்கு ஓர் எடை உண்டு. 'வெறும் அழகுதானே போனது, வண்டி ஓடுகிறதே' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாக்கியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண் கூசினால் அது அழகுப் பிரச்சினையாக நின்றுவிடாது.

அழகு போனால் எவ்வளவு நஷ்டம் என்பது சட்டத்தில் பழைய கேள்வி. 1995இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ரக்ஸ்லி வழக்கை ஒப்பந்தச் சட்டம் படித்த எவரும் மறக்க மாட்டார்கள். ஒருவர் வீட்டு நீச்சல் குளத்தை 7 அடி 6 அங்குல ஆழத்துக்கு வெட்டச் சொன்னார். கட்டியவர் 6 அடி 9 அங்குலத்தோடு நிறுத்திவிட்டார். குளத்தில் நீந்தலாம், குதிக்கலாம், வீட்டின் மதிப்பும் குறையவில்லை. இடித்துக் கட்ட 21,560 பவுண்ட் ஆகும். அது நியாயமற்ற செலவு என்றும், ஆனால் கேட்டது கிடைக்காத மனக்குறைக்கு 2,500 பவுண்ட் தரலாம் என்றும் முடிந்தது. சிங்கப்பூர் நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பை மதித்துப் படிப்பவை. அதன் நிழல் எங்கள் மேலும் விழுந்தது. என் கட்சிக்காரர் கையில் புதிய பிளாஸ்டிக் பாகங்களுக்கு 1,460 வெள்ளி என்று விலைப்பட்டியல் இருந்தது. பதிவு முடிய மூன்று வருடமே இருக்கும் காருக்கு அத்தனையும் புதிதாக வாங்கித் தா என்று கேட்பது குளத்தை இடித்துக் கட்டு என்பது போலத்தான். உரித்துச் சுத்தம் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கேளுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க கெடுத்ததுக்கு நான் ஏன் சார் கணக்குப் பார்க்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்குச் சட்டத்திடம் ஒரு பதில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிறு தடை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர் துணைக்கு அழைக்க முடியுமா? காரை வைத்துப் பிழைப்பவர் நுகர்வோரா, வியாபாரியா? 2004இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் இந்த இடத்தில் ஒரு சொல்லைக் கவனமாகப் போட்டிருக்கிறது: முழுக்க முழுக்க வியாபாரத்துக்காக வாங்கினால்தான் அவர் நுகர்வோர் ஆகமாட்டார். முழுக்க முழுக்க. "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எதில் போகிறீர்கள்?" என்று கேட்டேன். இந்தக் காரில்தான். சனிக்கிழமை பேத்தியைத் தமிழ் வகுப்புக்கு விடுவதும் இதில்தான். முனீஸ்வரன் கோயில் வாசலில் கார் நிற்கும் படம் ஒன்று மகளின் கைப்பேசியில் இருந்தது. வழக்குக் கோப்பில் அது மூன்றாவது ஆவணமாகச் சேர்ந்தது.

இனி வழக்கின் முள். வொர்க்‌ஷாப் தந்த பதில் இரண்டே வரி: வேலையைச் செய்தது எங்கள் ஆள் இல்லை, உங்களுக்கும் அவருக்கும் தனி ஏற்பாடு, 500 வெள்ளியை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. இதை உடைக்க நேர்வழி, அந்தத் தம்பியைச் சாட்சியாக அழைப்பது. முதலாளி கூப்பிட்டுத்தான் வந்தேன், வாங்கிய ஐந்நூறில் இவ்வளவு எனக்கு, மீதியை அவரிடம் கொடுத்தேன் என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வழக்கு முடிந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு அவரும் முடிந்துவிடுவார். வேலை அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர், அனுமதியில் எழுதிய முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். அனுமதியில்லாமல் வேறு வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அத்தனை தூரம் போகாவிட்டாலும் பெர்மிட் ரத்தாகி ஊருக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் காத்திருக்கும்.

அந்தத் தம்பியை நான் ஒருமுறை பார்த்தேன். தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் கட்சிக்காரர்தான் அழைத்து வந்தார். கண்ணை நிமிர்த்தவே இல்லை. ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கப்பல் பட்டறையில் இரும்புத் தகட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் மணல்போன்ற துகள்களை வேகமாக அடித்து அதைச் சொரசொரப்பாக்குவார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் பெயின்ட் பிடிக்கும். இரும்பில் கற்ற பாடம் அது. "நல்ல கிரிப் இருக்கேன்னு அப்படியே அடிச்சேண்ணே" என்றார். அவர் தொழிலில் அது சரி. பாலிபுரொப்பிலீனில் அது தப்பு என்று சொல்லித் தர அங்கே யாரும் இல்லை. சொல்ல வேண்டிய முதலாளி அன்று கடையிலேயே இல்லை.

என் கட்சிக்காரரின் மகள் கெட்டிக்காரப் பெண். "மனிதவள அமைச்சிடம் சொல்லுவோம்னு ஒரு மெசேஜ் போட்டா மொத்தத்தையும் கொடுத்துடுவாங்க அங்கிள்" என்றாள். கொடுத்துவிடுவார்கள்தான். அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. ஆனால் குற்றத்தைப் புகார் செய்வது ஒன்று. பணம் தராவிட்டால் புகார் செய்வேன் என்பது வேறொன்று. முதலாவது எவருக்கும் உள்ள உரிமை. இரண்டாவது, பணம் பறிக்கும் மிரட்டலாகப் பார்க்கப்படக்கூடும், கேட்டது நியாயமான பணமாகவே இருந்தாலும். அப்படி ஒரு வரியை எழுத நான் உதவ முடியாது என்றேன். அவள் முகம் சுருங்கியது. அவளுடைய அப்பாதான் முடித்துவைத்தார்: "அப்படிச் செஞ்சா மொதல்ல அந்தத் தம்பிதான்மா போவான். முதலாளி ஃபைன் கட்டிட்டு மறுநாள் கடை தொறப்பாரு."

அதன்பின் கோரிக்கையைத் திருத்தி எழுதினோம். நிரூபிக்க அந்தத் தம்பி தேவைப்படும் 500 வெள்ளியை விட்டுவிட்டோம். அவர் இல்லாமலே நிற்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டோம்: 180 வெள்ளி முன்பணம், உரித்துச் சீராக்கும் செலவு, வண்டி ஓடாத மூன்று நாளின் வருமானம். கடையின் எண்ணிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியில் 'சேண்டிங், பிரைமர், கிளியர் கோட், மிரர் ஃபினிஷ்' என்று வேலைகள் வரிசையாக இருந்தன. ஒப்பந்தம் அதுதான். யார் கையால் செய்தாலும் செய்து தருவதாகச் சொன்னது கடை. அனுப்பிய ஆள் சரியில்லை என்பது கடைக்கும் ஆளுக்கும் உள்ள விவகாரம். அப்போதுதான் உரிந்த அந்த ஏடு எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. சேண்டிங் செய்திருந்தால் அதன் முதுகு வழவழவென்று இருந்திருக்கும். சொரசொரப்பு அச்சு அசலாகப் பதிந்திருப்பதே, உப்புத்தாள் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சி. ஒரு மனிதரை ஊருக்கு அனுப்பாமல் பேசக்கூடிய சாட்சி.

உள்ளே என் கட்சிக்காரர் தமிழில் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அதில் எனக்கொரு பயம் இருந்தது. அவர் கேட்டது வழவழப்பு. கடை கொடுத்தது பளபளப்பு. தமிழில் ஒன்று கைக்கு, மற்றது கண்ணுக்கு. மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டால், கேட்டதைத்தானே கொடுத்தார்கள் என்று ஆகிவிடும். ஆகவே, "சொல்லாதீங்கண்ணே, கியர் சட்டத்தைப் பதிவாளர் கையில கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன். இன்னொன்றும் சொன்னேன். வேலை செய்தது யார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பொய் கூடாது. கேட்காததை நீங்களாக எடுத்துப் பேச வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை. விதியின் எல்லைக்குள்தான் நின்றேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அன்றிரவும் யோசித்தேன்.

கேட்கப்படவில்லை. முதலில் பதிவாளர் முன்னிலையில் சமரசப் பேச்சு. அதில் முடியாவிட்டால்தான் நடுவர் முன் விசாரணை. பதிவாளர் கியர் சட்டத்தை வாங்கித் தடவிப் பார்த்திருக்கிறார். உரிந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். கடைக்காரரிடம் செய்தியைக் காட்டி, இதில் சேண்டிங் எங்கே என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆள் இல்லை என்ற பழைய வரியைக் கடைக்காரர் உள்ளே ஒருமுறைகூடச் சொல்லவில்லையாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் என்பதாகத்தான் இருக்கும். அதை அவரும் விரும்பவில்லை. ஒருவர் தம்பிக்காக வாய் திறக்கவில்லை, மற்றவர் தமக்காக. நடுவில் ஒரு பெயர் உச்சரிக்கப்படாமலே கிடந்தது. 180இல் தொடங்கிய பேச்சு 620 வெள்ளியில் நின்றது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உத்தரவாகப் பதிவானது. ரொக்கமாகக் கொடுத்த ஐந்நூறு போனது போனதுதான்.

அன்று அந்த மன்றத்தின் வரம்பு 10,000 வெள்ளி, வழக்குப் போட ஓராண்டு கெடு. 2019 நவம்பரில் வரம்பு 20,000 ஆனது, கெடு இரண்டாண்டு ஆனது. நல்ல மாற்றங்கள். என் கட்சிக்காரருக்கு இவற்றால் எந்த வேறுபாடும் வந்திருக்காது. அவருக்கு வாய்த்த இடைஞ்சல் தொகையிலும் இல்லை, நாளிலும் இல்லை. தமக்கு வர வேண்டியதைக் கேட்கும் வாசலில், தம்மைவிட எளியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, ஆலோசனை முடிந்து வெளியே வந்தபோது அவர் கார் நின்றது. வீட்டில் விடுகிறேன் என்று வற்புறுத்தினார். காமன்வெல்த் அவென்யூவில் போகும்போது கவனித்தேன்: டேஷ்போர்டு பழைய சாம்பலுக்குத் திரும்பியிருந்தது. பெயின்ட் சரியாக ஒட்டாததால், நிதானமாக உரித்தபோது முழுதும் வந்துவிட்டதாம். நகக்கீறல்கள்கூடப் பழைய இடத்திலேயே இருந்தன. ஆனால் ஜன்னல் பொத்தான்களைச் சுற்றி மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு மின்னியது. கை நீட்டித் தொட்டேன். சொரசொரப்பின் மேல் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"அது மட்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சார்," என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "திருப்பிப் பார்த்தேன். அது போகாது."